விபத்து இழப்பீடு: சமரசமா, வழக்கா, மக்கள் நீதிமன்றமா? எந்த வக்கீல்?

சாலை விபத்தில் அடிபட்டவருக்குக் கட்டுப் பிரிப்பதற்கு முன்பே ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். இடித்த வண்டிக்காரர் தரப்பில் ஒருவர், "ஆஸ்பத்திரி செலவை நாங்க பாத்துக்கறோம், கேஸ் எல்லாம் எதுக்கு" என்பார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பழக்கமான இன்னொருவர் வக்காலத்துப் பத்திரத்தை நீட்டி, "நீங்க ஒரு ரூபா தர வேணாம், வர்றதுல பங்கு குடுத்தா போதும்" என்பார். சொந்தக்காரர் ஒருவர், "கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா இழுக்கும், கிடைச்சதை வாங்கிக்கோ" என்பார். இந்தப் பேச்சு எல்லாம் கடைசியில் ஒரு கையெழுத்தில்தான் வந்து முடியும். வலி மாத்திரையின் மயக்கத்தில் இருப்பவரும், வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியும் அந்தக் கையெழுத்தைப் போட்டுவிடுவார்கள்.

ஆட்டோ ஓட்டுபவர்கள், டெலிவரி பையன்கள், கட்டட வேலைக்காரர்கள் நிறைந்த சென்னை வியாசர்பாடியில் இப்படி அடிபட்டவர்களின் காகிதங்களைச் சேர்த்துக் கொடுத்து, வக்கீலிடம் கூட்டிப்போகிற வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் எந்த வழியில் போனவருக்கு என்ன கிடைத்தது, யார் எங்கே ஏமாந்தார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மனுவைச் சீக்கிரம் போடுங்கள், கணக்கைத் தாமதமாக முடியுங்கள். காயம் எங்கே போய் நிற்கும் என்று தெரிவதற்கு முன்னால் எந்தத் தொகைக்கும் தலையாட்டாதீர்கள்.

வெளியே பேசி முடிப்பது

சின்னச் சிராய்ப்பு, நாலு நாள் கூலி போனது, எலும்பில் ஒன்றுமில்லை என்றால் வெளியே பேசி முடிப்பதில் தப்பில்லை. ஆனால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகு பேசுங்கள். தலையில் அடி என்றால் ஸ்கேன் எடுக்காமல் பேசவே வேண்டாம்.

எலும்பு முறிந்திருந்தால் கதை வேறு. எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால், காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டில் உச்சவரம்பே கிடையாது. முழுத் தொகையையும் காப்பீட்டு நிறுவனம்தான் கட்ட வேண்டும். ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லாவிட்டாலும், நிறுவனம் முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று, விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம். ஆகவே லைசென்ஸும் இன்சூரன்ஸும் ஒழுங்காக வைத்திருக்கும் வண்டிக்காரரிடம், "உங்க கையிலிருந்து பணம் போகப்போறதில்ல சார், இன்சூரன்ஸ்தான் குடுக்கும்" என்று பொறுமையாகச் சொன்னாலே பாதிப் பேர் இறங்கி வந்துவிடுகிறார்கள். அவர்களுடைய பயமெல்லாம் போலீஸ் மேல்தான்.

சிகிச்சைக்குப் பணம் வேண்டுமே என்ற நெருக்கடியில்தான் பலர் சமரசத்துக்கு ஒப்புக்கொள்கிறார்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. 2025இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குள் கட்டணமில்லா சிகிச்சை உண்டு. அரசு செலவில் சிகிச்சை நடந்தது என்பதற்காக வருமான இழப்பையும் வலியையும் கேட்கும் உரிமை போய்விடாது.

சமரசத்தின் பெரிய ஆபத்து பணம் குறைவு என்பது மட்டுமில்லை. வழக்குப் பதிவாகாமல் நாட்கள் ஓடிவிடும். சொன்ன தொகையில் பாதியைக் கொடுத்துவிட்டு அவர் போனை எடுக்காமல் போனால், இரண்டு மாதம் கழித்துப் போய் எஃப்.ஐ.ஆர். கேட்க வேண்டியிருக்கும். இவ்வளவு தாமதம் ஏன் என்று காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோவோம்.

இன்னொரு சங்கதி. சென்னையில் விபத்து வழக்குகளைப் பார்ப்பது போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு. வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனில் போய் நின்றுகொண்டு, "நடவடிக்கையே எடுக்கல" என்று மனம் நொந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த இடத்தில் விபத்தோ, அந்த எல்லைக்குரிய புலனாய்வுப் பிரிவு எது என்று கேட்டுக்கொண்டு நேராக அங்கே போங்கள். புகார்தாரருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

ஏ.ஆர். காப்பியில் ஒரு வரி

அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தவுடன் டியூட்டி டாக்டர் எழுதுகிற விபத்துப் பதிவேட்டின் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். அரைப்பக்கம்தான் இருக்கும். யார் கூட்டிவந்தார், எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது என்று மூன்று நான்கு வரி. 'போலீஸ் கேஸ்னு சொன்னா சேர்த்துக்க மாட்டாங்க' என்ற பயத்தில் கூட வந்தவர், "வண்டியிலேர்ந்து கீழ விழுந்துட்டாரு டாக்டர்" என்று சொல்லிவிடுவார். டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொள்வார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பின்னால், "இவர் தானாக விழுந்தவர், எங்கள் கட்சிக்காரர் வேன் இடிக்கவே இல்லை" என்று குறுக்கு விசாரணையில் வாட்டி எடுப்பார்கள்.

சேர்க்கும்போதே எந்த வண்டி இடித்தது, எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். வண்டி எண் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். விபத்து என்று சொன்னால் எந்த மருத்துவமனையும் அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது. எந்த வக்கீலை வைப்பது என்ற கேள்வியைவிட இந்த வரி முக்கியம் என்பது என் அனுபவம். நல்ல வக்கீலுக்கே இந்த வரியைத் தாண்டி வர மூச்சு முட்டும்.

எந்தப் பிரிவில் கேட்பது: ஒரு டைல்ஸ் தொழிலாளியின் கணக்கு

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. 2019இல் வந்த திருத்தத்தின் இந்தப் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியவில்லை என்றால் 161ஆம் பிரிவு. உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இது வேறு வழி இல்லாதவருக்கான வழி. இதற்கு மனுப் போடும் முன் தெருவோரக் கடைகளின் கேமரா பதிவை உடனே தேடச் சொல்லிப் போலீஸில் எழுதிக் கொடுங்கள். பல கடைகளில் பழைய பதிவு சில நாட்களிலேயே அழிந்துவிடும்.

வண்டி தெரியும், ஆனால் தப்பு யார்மேல் என்பதில் சிக்கல் என்றால் 164ஆம் பிரிவு. இங்கே எதிர் ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்று தொகை நிலையானது.

மூன்றாவது 166ஆம் பிரிவு. எதிரியின் கவனக்குறைவை நிரூபித்து, நம் உண்மையான நஷ்டம் முழுவதையும் கேட்பது. உச்சவரம்பு இல்லை. நம் பக்கமும் தப்பு இருந்தால் அந்த விகிதத்துக்குக் குறைப்பார்கள். ஹெல்மெட் போடாததற்கும், மூன்று பேர் போனதற்கும் கழித்துக்கொள்வது உண்டு.

164க்கும் 166க்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 32 வயது டைல்ஸ் தொழிலாளி, மாதம் 18,000 ரூபாய் சம்பாத்தியம். முழங்கால் எலும்பு உடைந்து பிளேட் வைத்தாயிற்று. கால் முழுதாக மடங்காது. ஊனத்தை அளந்து சொல்லும் டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டு 30 சதவீத ஊனம் என்று சான்று கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

164இல் அவருக்கு 2.5 லட்சம், அத்தோடு சரி.

166இல் போனால் இரண்டு விதமாகக் கணக்குப் போடலாம். ஒன்று, ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் சில ஆயிரம் ரூபாய் என்று பெருக்குவது. சதவீதத்துக்கு 5,000 என்றால் 30 சதவீதத்துக்கு 1.5 லட்சம். இன்னொன்று, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்று பார்த்து ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவது. சரளா வர்மா வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற அட்டவணைப்படி 31 முதல் 35 வயதுக்கு அந்த எண் 16. பிரணய் சேத்தி வழக்கில் 2017இல் வந்த தீர்ப்பின்படி, சொந்தத் தொழில் செய்யும் 40 வயதுக்குக் குறைந்தவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். நிரந்தர ஊனம் அடைந்தவருக்கும் இந்த உயர்வு உண்டு என்பது 2020 தீர்ப்பில் உறுதியாயிற்று. 18,000உடன் 40 சதவீதம் சேர்த்தால் 25,200. ஆண்டுக்கு 3,02,400. அதை 16ஆல் பெருக்கினால் 48,38,400. அதில் 30 சதவீதம் 14,51,520 ரூபாய்.

அதே கால், அதே சான்றிதழ். ஒரு கணக்கில் ஒன்றரை லட்சம், இன்னொரு கணக்கில் பதினான்கரை லட்சம். மருத்துவச் செலவு, வலி வேதனை, கூட இருந்து கவனித்தவரின் கூலி, சத்துணவு, போக்குவரத்துச் செலவு எல்லாம் இதற்கு மேல்.

எந்தக் கணக்கு என்பதை எது தீர்மானிக்கிறது? ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் விளக்கியது. உடம்பில் எத்தனை சதவீத ஊனம் என்பது வேறு, பிழைப்பில் எத்தனை சதவீத இழப்பு என்பது வேறு. மேசையில் உட்கார்ந்து எழுதுபவருக்கு மடங்காத முழங்காலால் வரும்படி குறையாமல் இருக்கலாம். டைல்ஸ் போடுபவர் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். அவருக்கு 30 சதவீத ஊனம் என்பது பிழைப்பில் 60 சதவீத இழப்பாகக்கூட இருக்கலாம். அப்படி ஏற்றுக்கொண்டால் தொகை இரட்டிப்பாகும். ஆனால் இதைத் தீர்ப்பாயம் தானாக ஊகித்துக்கொள்ளாது. அவர் என்ன வேலை செய்தார், எப்படி உட்கார்ந்து செய்தார், இப்போது எது முடியவில்லை என்று சாட்சியம் வைக்க வேண்டும். கூட வேலை செய்த மேஸ்திரி கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். நல்ல வக்கீலுக்கும் சும்மா ஃபைல் நகர்த்துகிற வக்கீலுக்கும் வித்தியாசம் தெரிவது இந்த இடத்தில்தான்.

வருமானத்துக்குச் சான்று இல்லை என்பதும் பெரிய பள்ளம். கூலியைக் கையில் வாங்கியவருக்குத் தீர்ப்பாயம் தானே ஒரு உத்தேச வருமானத்தை வைத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். ஜிபே வரவு, வங்கிப் பாஸ்புக், டெலிவரி செயலியின் வாராந்தர வருமானப் பக்கம், கட்டட வேலைக்காரருக்கு நலவாரிய அட்டை, மேஸ்திரியின் நோட்டுப் புத்தகம் எல்லாமே உதவும்.

ஆக, எதிர்த்தரப்பின் தப்பு தெளிவாக இருந்து, எலும்பு முறிந்து, வேலை பாதிக்கும் என்றால் 166 பக்கம் போங்கள். தப்பு பெரும்பாலும் நம் பக்கம் என்று மனசாட்சிக்கே தெரிந்தால் 164ஐப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். எந்த வண்டியும் இடிக்காமல் தானே சறுக்கி விழுந்தவர், வண்டி தன் பெயரில் இருந்தால், பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் அது உயிரிழப்பு, கை கால் கண் இழப்பு, முழு ஊனம் போன்றவற்றுக்குத்தான். சாதாரண எலும்பு முறிவுக்கு வராது.

வேலை நேரத்தில் வேலைக்காகப் போனபோது நடந்த விபத்து என்றால் தொழிலாளர் இழப்பீட்டு வழியும் உண்டு. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகம் வழியாகப் போகலாம். அங்கே யார் தப்பு என்ற கேள்வி பெரிதாக எழாது. ஆனால் கணக்குக்கு எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால் தொகை குறையும். இரண்டிலும் ஒரே காயத்துக்கு வாங்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

காப்பீட்டு நிறுவனம் சொல்லும் தொகையும் மக்கள் நீதிமன்றமும்

புதிய 149ஆம் பிரிவின்படி, விபத்துத் தகவல் கிடைத்ததும் காப்பீட்டு நிறுவனம் ஒரு அதிகாரியை நியமித்து 30 நாட்களில் ஒரு தொகையை முன்வைக்கலாம். ஒப்புக்கொண்டால் தீர்ப்பாயம் அதைப் பதிவு செய்யும். பதிவு கிடைத்த 30 நாட்களுக்குள் பணம் வர வேண்டும். வேகம் என்று பார்த்தால் இதற்கு ஈடு இல்லை. ஆனால் கவனியுங்கள்: 164இன் தொகையை இந்த வழியில் வாங்கிக்கொண்டால் 166இல் போட்ட மனு அதோடு முடிந்துவிடும். மேலே சொன்ன டைல்ஸ் தொழிலாளி அவசரத்தில் இதற்குக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மக்கள் நீதிமன்றம் வேறு விதம். லோக் அதாலத் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். தேசிய அளவில் ஆண்டுக்கு நான்கு முறை நடக்கிறது. வழக்கு ஏற்கெனவே நிலுவையில் இருக்கும்போது, இரு தரப்பும் உட்கார்ந்து ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டால் அதுவே தீர்ப்பு. கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதற்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் காப்பீட்டு நிறுவனமும் உயர் நீதிமன்றத்துக்கு இழுத்தடிக்க முடியாது. நம்மாலும் பிறகு "குறைவாயிற்றே" என்று திரும்பிப் போக முடியாது.

எனக்கு மக்கள் நீதிமன்றத்தின் மேல் மதிப்பு உண்டு. ஆனால் எப்போது போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மெடிக்கல் போர்டு சான்று வருவதற்கு முன் போனால், எதிர்த்தரப்பு சொல்லும் எண்ணை மறுக்க நம் கையில் ஒன்றும் இருக்காது. சான்று வந்து, வருமானத்துக்கு ஆதாரமும் ஃபைலில் ஏறிய பிறகு போனால் பேச்சின் தொனியே மாறிவிடும். முழு விசாரணை நடந்தால் கிடைக்கக்கூடியதில் கொஞ்சம் குறைந்தாலும், இரண்டு மூன்று ஆண்டுகள் மிச்சமாகும் என்றால் கடன்பட்ட குடும்பத்துக்கு அது நியாயமான பேரம். தொகையைக் கேட்டவுடன் ஆம் சொல்லாமல், "வீட்ல கலந்துட்டு சொல்றோம் சார்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் வக்கீலே தலையாட்டச் சொல்லிக் கண் காட்டினாலும்கூட.

வக்கீல்: பங்குக்கா, ஃபீஸுக்கா, இலவசமா

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது.

வருவதில் பங்கு என்கிற ஏற்பாடு சென்னையில் பரவலாக இருக்கிறது. கையில் காசில்லாதவருக்கு அது வரமாகத் தெரியும். ஆனால் வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி வழக்குப் பிடிப்பதும் அந்த விதிகளுக்கு விரோதம். விதியை விடுங்கள், நடைமுறையில் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். இப்படி ஃபைல்களைச் சேர்ப்பவருக்கு ஒரு வழக்கில் மூன்று ஆண்டு உழைப்பதைவிட, பத்து வழக்குகளை அடுத்த லோக் அதாலத்தில் முடிப்பதுதான் லாபம். உங்கள் காலைப் பற்றி மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லவைக்க அவருக்கு நேரம் இருக்காது. இடையில் இருக்கும் புரோக்கருக்கும் அந்தப் பங்கிலிருந்துதான் போகிறது.

எங்கள் தெருவில் ஒரு தம்பி டெலிவரிக்குப் போகும்போது பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அடிபட்டான். மணிக்கட்டு உடைந்தது. "அக்கா, கேஸ் நடக்குதுன்னு சொல்றாங்க, நம்பர் கேட்டா தர மாட்றாங்க" என்று ஒரு நாள் வந்து நின்றான். வக்கீல் முகத்தையே அவன் பார்த்ததில்லை, புரோக்கரின் போன் நம்பர் மட்டும்தான் இருந்தது. எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில் எல்லாம் அசலாக அவர்களிடம். சென்னையில் விபத்து மனுக்களைப் பார்க்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் அவன் பெயரைப் போட்டுத் தேடியபோது மனுவே தாக்கலாகவில்லை என்று தெரிந்தது. கெடு முடிய நாட்கள் கொஞ்சம்தான் இருந்தன. வேறு வக்கீலைப் பிடித்துப் போலீஸிலும் ஆஸ்பத்திரியிலும் திரும்ப நகல்கள் வாங்கி, அலைந்து திரிந்து மனுவைப் போட்டோம். ஒரு பையனின் கை சம்பந்தப்பட்ட விஷயத்தில் இப்படி நடந்துகொள்கிறார்களே என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

கெடு என்று சொன்னேன். 166இல் விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்கிறது திருத்தச் சட்டம். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பி உட்காராதீர்கள். ஆறு மாதம் என்பதைக் கல்லில் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேசிய ஃபீஸுக்கு வக்கீல் வைப்பதுதான், முடிந்தவர்களுக்கு, என் முதல் தேர்வு. மொத்தமாகக் கொடுக்க வேண்டியதில்லை. மனுத் தாக்கலுக்கு இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு, தீர்ப்புக்குப் பின் இவ்வளவு என்று தவணையாகப் பேசலாம். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய போர்டு வைத்த அலுவலகத்தைவிட, பாரிமுனைப் பக்கம் தினமும் அந்தத் தீர்ப்பாயத்துக்கே போய்வருகிற, போன் எடுக்கிற வக்கீல் மேல். "நீங்களே வந்து நடத்துவீங்களா, ஜூனியரா?", "டாக்டரை விசாரிக்கணும்னா ஏற்பாடு பண்ணுவீங்களா?", "இதே மாதிரி கால் கேஸ் நடத்தியிருக்கீங்களா?" என்று கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே "இருபது லட்சம் வாங்கித் தர்றேன்" என்று தொகை சொல்பவரிடம் ஜாக்கிரதை. மெடிக்கல் போர்டுக்கு முன்னால் யாராலும் தொகை சொல்ல முடியாது.

மூன்றாவது வழியை மிகக் குறைவான பேர் பயன்படுத்துகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு. கணவரை விபத்தில் இழந்த பெண் யாராக இருந்தாலும் தகுதி உண்டு. விபத்தால் ஊனச் சான்று பெற்றவரே அந்தச் சான்றைக் காட்டிக் கேட்கலாம். சென்னை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் விசாரிக்கலாம். "ஃப்ரீயா வர்ற வக்கீல் ஒழுங்கா பார்ப்பாரா?" என்று கேட்பார்கள். சிலர் மிக நன்றாகப் பார்க்கிறார்கள், சிலர் சுமார். திருப்தி இல்லையென்றால் எழுதிக் கொடுத்து வேறு வக்கீலைக் கேட்கலாம். பங்குக்குப் பேசும் புரோக்கரிடம் போய் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

யாரை வைத்தாலும் அசல் காகிதங்களை வீட்டில் வைத்துக்கொண்டு நகலைக் கொடுங்கள். அசல், சாட்சி விசாரணை அன்று தாக்கல் செய்தால் போதும். உங்கள் இழப்பீட்டு மனுவின் எண்ணை (எம்.சி.ஓ.பி. எண் என்பார்கள்) வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே வாய்தா தேதியைப் பாருங்கள். வெற்றுத்தாளிலோ காசோலையிலோ கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். வக்கீலை மாற்ற வேண்டியிருந்தால், ஃபீஸ் பாக்கி என்று காரணம் காட்டி ஃபைலைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

சென்னையிலா, ஊரிலா

விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து இங்கே வேலை செய்கிறவர் அடிபட்டால் பெரும்பாலும் ஊருக்குப் போய்ப் படுத்துவிடுவார். அவர் விபத்து நடந்த இடத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. தான் குடியிருக்கும் இடத்தில், தொழில் செய்யும் இடத்தில், எதிர்த்தரப்பு இருக்கும் இடத்தில் என எங்கும் போடலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கு அலுவலகம் இருக்கும் இடத்தில் போட்டதையும் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. சென்னையில் என்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றம். இதே வேலையாக இருக்கும் வக்கீல்கள் இங்கே அதிகம். ஆனால் ஊன்றுகோலோடு ஒவ்வொரு முறையும் பஸ் ஏறி வர வேண்டும் என்றால் ஊரிலேயே போடுவதுதான் சரி. சாட்சி சொல்லவும் மெடிக்கல் போர்டுக்கும் நேரில் வந்தாக வேண்டும். மற்ற வாய்தாக்களுக்கு வக்கீல் போனால் போதும்.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பில் வட்டியும் சேரும். மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து, இங்கே வழக்கமாக 7.5 சதவீத அளவில் கொடுக்கிறார்கள். மனுவைச் சீக்கிரம் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தொகை குறைவு என்று பட்டால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். பிழைப்பு இழப்பைக் கணக்கில் எடுக்காமல் சதவீதக் கணக்கில் முடித்திருந்தால், தீர்ப்பு நகலை வேறொரு வக்கீலிடமும் காட்டிக் கேளுங்கள்.

இடித்தது அரசுப் பேருந்து என்றால் தொகையைக் கட்ட வேண்டியது போக்குவரத்துக் கழகம்தான், அங்கே தனியாகக் காப்பீட்டு நிறுவனம் இருக்காது. பணம் வராமல் தாமதமாகி, தீர்ப்பை அமல்படுத்தச் சொல்லி நிறைவேற்று மனுப் போட்டு, பேருந்தை ஜப்தி செய்த செய்திகளை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். ஆகவே கழகத்தின் மேல் வழக்கு என்றால் நிறைவேற்று மனு வரை கூட நிற்பாரா என்று வக்கீலிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். அதற்கான ஃபீஸையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் அடிபட்டவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே நேராக வர வேண்டும். அவர் பெயரிலேயே, ஆதார் இணைத்த, நடப்பில் உள்ள கணக்கின் பாஸ்புக் முதல் பக்க நகலை மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். கணக்கில் இருக்கும் போன் எண் அவருடையதுதானா என்பதையும் வங்கியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.